கட்சி இல்லாத முதல்வர்: டாக்டர் ப. சுப்பராயன்

அமெரிக்காவில் 50 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர்னர் உண்டு. நம் ஊர் கவர்னரைப் போல டில்லியிலிருந்து நியமித்து அனுப்பப்படுபவர் அல்ல அவர். மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் கணக்கில் சொன்னால் அவர்தான் அந்த மாநிலத்தின் முதலமைச்சர். அங்கே குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்ற இரண்டு பெரிய கட்சிகளுக்கு வெளியே நின்று ஒருவர் கவர்னர் ஆவது குதிரைக் கொம்புதான். ஆனாலும் அவ்வப்போது நடந்திருக்கிறது.

மெய்ன் என்ற சின்ன மாநிலத்தில் 1974-ல் ஜேம்ஸ் லாங்லி என்ற காப்பீட்டுத் தொழிலதிபர் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். ஒரே ஒரு முறைதான் இருப்பேன் என்று சொன்னார், சொன்னபடியே 1979-ல் இறங்கிவிட்டார். அதே மாநிலத்தில் 1994-லும் 1998-லும் ஆங்கஸ் கிங் சுயேச்சையாக ஜெயித்து எட்டு ஆண்டுகள் ஆண்டார். அலாஸ்காவில் 2014-ல் பில் வாக்கர் ஜெயித்தார்.

இவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு வந்த கேள்வி இதுதான்: நம் பக்கம் இப்படி யாராவது இருந்திருக்கிறார்களா? எந்தக் கட்சியிலும் இல்லாமல் ஒருவர் தமிழ்நாட்டை ஆண்டிருக்கிறாரா?

ஆண்டிருக்கிறார். 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரை, ஏறக்குறைய நான்கு வருடங்கள். அவர் பெயர் டாக்டர் ப. சுப்பராயன். சேலம் பக்கத்துக்காரர். நம் ஊட்டிக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. அவருடைய மகள் பார்வதி 1919-ல் ஊட்டியில்தான் பிறந்தார். அந்த மகள்தான் பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் கோவைப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த பார்வதி கிருஷ்ணன்.

சுப்பராயனின் கதை வெறும் பழங்கதை இல்லை. "கட்சியே வேண்டாம், நல்ல மனிதர் ஒருவர் சுயேச்சையாக வந்து ஆளட்டும்" என்று இன்றைக்கும் டீக்கடையில் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு நம் மண்ணிலேயே ஒரு பதில் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

யார் இந்த சுப்பராயன்?

பரமசிவ சுப்பராயன் 1889 செப்டம்பர் 11-ல் பிறந்தவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தார். அந்த ஊர் அப்போது சேலம் மாவட்டம், இப்போது நாமக்கல் மாவட்டம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் வாதம் கல்லூரியில் படித்தார்.

மனைவி ராதாபாய், மங்களூரைச் சேர்ந்த சமூக சீர்திருத்தவாதி குத்முல் ரங்காராவின் மகள். சாதி, மொழி இரண்டையும் தாண்டிய திருமணம் அது. அந்தக் காலத்தில் ஒரு ஜமீன் குடும்பத்தில் இது சாதாரண விஷயமா என்ன! ராதாபாய் 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். 1938-ல் அன்றைய மத்திய மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூத்தவர் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், 1966 முதல் 1969 வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி. மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்டாக இருந்து பிறகு இந்திரா காந்தி அமைச்சரவையில் இடம்பெற்றவர், 1973-ல் விமான விபத்தில் இறந்தார். கோபால் குமாரமங்கலம் இன்னொரு மகன். பார்வதியைப் பற்றி மேலேயே சொன்னேன். ஒரே வீட்டில் ஜமீன்தார், படைத் தளபதி, கம்யூனிஸ்டுகள்! எல்லாரும் ஒரே பாதையில் போக வேண்டும் என்ற கட்டாயம் அந்த வீட்டில் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

பாதி அதிகாரம், பாதி மந்திரி

1926-ல் சென்னை மாகாணம் எப்படி ஆளப்பட்டது என்று தெரிந்தால்தான் மேலே போக முடியும். 1919-ம் ஆண்டுச் சட்டப்படி மாகாணங்களில் "இரட்டை ஆட்சி" நடந்தது. அரசாங்கத்தின் துறைகளை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். நிதி, போலீஸ், நிலவரி போன்ற முக்கியமானவை ஆங்கிலேய கவர்னரிடமும் அவருடைய நிர்வாக சபையிடமும் இருந்தன. கல்வி, பொது சுகாதாரம், உள்ளாட்சி, விவசாயம் போன்றவை இந்திய மந்திரிகளிடம் வந்தன. சுருக்கமாகச் சொன்னால் கஜானா சாவி வெள்ளைக்காரரிடம், செலவுப் பட்டியல் நம்மவரிடம்.

அன்றைய சட்டசபையில் மொத்தம் 132 இடங்கள். அதில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மீதி 34 பேர் நியமன உறுப்பினர்களும் பதவி வழியாக வந்தவர்களும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்றாலும் எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. வரி கட்டுபவர், சொத்து உள்ளவர் போன்ற கொஞ்சம் பேருக்குத்தான் ஓட்டு. ஜமீன்தார்களுக்குத் தனித் தொகுதிகள் இருந்தன. தோட்ட முதலாளிகளுக்கும் ஒரு தனி இடம் இருந்தது. அதாவது தேயிலை, காப்பித் தோட்டத்து முதலாளிக்குச் சட்டசபையில் குரல் உண்டு, அந்தத் தோட்டத்தில் இலை பறித்த தொழிலாளிக்கு ஓட்டே கிடையாது.

1920 தேர்தலிலிருந்து ஆறு வருடங்கள் நீதிக்கட்சி ஆண்டது. 1926 நவம்பரில் நடந்த தேர்தலில் அது தோற்றது. காங்கிரஸைச் சேர்ந்த சுயராஜ்யக் கட்சிக்கு 41 இடங்கள், நீதிக்கட்சிக்கு 21. மற்றவர்கள் பலவகைப்பட்ட சுயேச்சைகள்.

இங்கேதான் வேடிக்கை. அதிக இடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி மந்திரிசபை அமைக்க மறுத்துவிட்டது. அதிகாரம் முழுதாகக் கிடைக்காதவரை பதவி ஏற்பதில்லை என்பது காங்கிரஸின் முடிவு. தோற்ற நீதிக்கட்சியும் முன்வரவில்லை. ஜெயித்தவருக்கு வேண்டாம், தோற்றவருக்கும் வேண்டாம். நாற்காலி காலியாகக் கிடந்தது.

அப்போது கவர்னராக இருந்தவர் கோஷன் பிரபு. அவர் சுப்பராயனைக் கூப்பிட்டார். சுப்பராயன் எந்தக் கட்சிக்கும் தலைவர் அல்ல, சட்டசபையில் ஒரு சுயேச்சை. 1926 டிசம்பர் 4-ம் தேதி அவர் முதல் மந்திரி ஆனார். அவருடன் ஏ. ரங்கநாத முதலியார், ஆர்.என். ஆரோக்கியசாமி முதலியார் என்ற இருவர் மந்திரிகள். மூவருமே கட்சி சாராதவர்கள் என்ற கணக்கில் வந்தவர்கள்.

பின்னால் நின்றது யார்?

கட்சி இல்லாத ஒருவர் 132 பேர் உள்ள சபையில் எப்படி ஆட்சியை நிறுத்தினார்? இந்தக் கேள்விதான் முக்கியம். அன்றைய சட்டசபைக்கு மந்திரிகளின் சம்பளத்தை வெட்டக்கூட அதிகாரம் இருந்தது. ஆதரவு இல்லாமல் ஒருநாள்கூட ஓட்ட முடியாது.

அந்த ஆதரவு பெரும்பாலும் கவர்னரிடமிருந்து வந்தது. நியமன உறுப்பினர்கள் கவர்னர் கையில். ஆங்கிலேய உறுப்பினர்களும் அவர் பக்கம். அவர்களோடு கொஞ்சம் சுயேச்சைகள் சேர்ந்தால் மந்திரிசபை நிற்கும். அதனால்தான் "இது கவர்னரின் மந்திரிசபை, சுப்பராயன் கவர்னரின் கைப்பொம்மை" என்ற விமர்சனம் எழுந்தது. முழுக்கப் பொய் என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

அந்த கவர்னரின் உலகத்தைப் பார்க்க நம் ஊட்டியை விடச் சிறந்த இடம் இல்லை. 1870 முதல் ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகரம். வெயில் ஏறியதும் கவர்னர், அதிகாரிகள், கோப்புகள், குமாஸ்தாக்கள் என்று அரசாங்கமே மலையேறி வந்துவிடும். கவர்னருக்கு தாவரவியல் பூங்காவுக்கு மேலே மாளிகை (இன்றைய ஊட்டி ஆளுநர் மாளிகை அதுதான்). அலுவலகங்களுக்கு ஸ்டோன் ஹவுஸ் மேடு. ஜான் சல்லிவன் 1820-களில் கட்டிய கல் பங்களா இருக்கும் அந்த இடத்தில்தான் 1955 முதல் அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. சமவெளியில் கோடிக்கணக்கான ஜனங்கள் வெயிலில் காய, அவர்களை ஆள்பவர்கள் ஏழாயிரம் அடி உயரத்தில் குளிர்காய்ந்தார்கள் என்று அந்தக் காலத்திலேயே தேசியவாதிகள் இதைக் கண்டித்தார்கள். மந்திரிசபையின் ஆணிவேர் மக்களிடம் இல்லாமல் கவர்னரிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மலையேற்றமே ஒரு அடையாளம்.

சைமன் கமிஷன் வந்தது, சோதனையும் வந்தது

1927 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு சைமன் கமிஷனை அறிவித்தது. இந்தியாவின் அரசியல் எதிர்காலத்தை ஆராயும் அந்தக் குழுவில் ஒரே ஒரு இந்தியர்கூட இல்லை. நாடு கொதித்தது. 1928 தொடக்கத்தில் கமிஷன் வந்திறங்கியபோது "சைமனே திரும்பிப் போ" என்ற முழக்கம் எங்கும் கேட்டது.

சென்னைச் சட்டசபையிலும் கமிஷனைப் புறக்கணிக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது, நிறைவேறியது. சுப்பராயன் அதை எதிர்த்தார். ஆனால் அவருடைய சொந்த மந்திரிகள் இருவரும் தீர்மானத்தை ஆதரித்தார்கள்! மூன்று பேர் உள்ள மந்திரிசபையில் இரண்டு பேர் ஒரு பக்கம், தலைவர் இன்னொரு பக்கம்.

கட்சி இருந்தால் இந்த இடத்தில் கட்சி கூடிப் பேசியிருக்கும். ஏதாவது ஒரு முடிவை எல்லாரும் ஏற்றிருப்பார்கள். இங்கே கூடிப் பேச ஒரு கட்சியே இல்லை. சுப்பராயன் ராஜினாமா செய்ய முன்வந்தார். கவர்னர் அதற்கு வேறு வழி கண்டுபிடித்தார். அதுவரை எதிர்க்கட்சியாக இருந்த நீதிக்கட்சியின் ஆதரவை சுப்பராயனுக்கு வாங்கித் தந்தார். நீதிக்கட்சியைச் சேர்ந்த எம். கிருஷ்ணன் நாயர் கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினர் ஆனார். ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் விலகினார்கள். அவர்கள் இடத்தில் எஸ். முத்தையா முதலியாரும் எம்.ஆர். சேதுரத்தினம் அய்யரும் வந்தார்கள்.

முதல்வர் அதே முதல்வர், நாற்காலி அதே நாற்காலி. தாங்கிப் பிடித்த கைகள் மட்டும் மாறிவிட்டன. 1926-ல் யாரைத் தோற்கடித்து வேறு ஆட்சி வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்களோ, அந்த நீதிக்கட்சியே 1928-ல் ஆட்சியைத் தாங்கும் தூணாகிவிட்டது. இதில் வாக்காளரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்காக ஒன்றுமே செய்யவில்லையா?

இல்லை, அப்படிச் சொன்னால் அநியாயம். அந்த நான்கு வருடங்களில் நடந்த சில காரியங்களின் நிழலில்தான் நாம் இன்றும் இருக்கிறோம்.

முதலாவது, வகுப்புவாரி உரிமை. நீதிக்கட்சி ஆட்சியில் ஆணைகள் போடப்பட்டும் செயலுக்கு வராமல் இழுத்துக்கொண்டிருந்த விஷயம் இது. முத்தையா முதலியார் மந்திரியானதும் 1928-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அரசு வேலை 12 இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர்கள் மற்றும் ஆங்கிலோ இந்தியர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்பது கணக்கு. இன்றைய இட ஒதுக்கீட்டின் வேர் அங்கே இருக்கிறது.

இரண்டாவது, 1929-ல் சென்னைப் பணியாளர் தேர்வாணையம். அரசு வேலைக்கு ஆள் எடுக்கத் தனி ஆணையம் என்று இந்திய மாகாணங்களில் முதலில் அமைந்தது அதுதான். இன்று லட்சக்கணக்கானவர்கள் எழுதும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பெண்கள் விஷயம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவரானது இந்தக் காலத்தில்தான். கோயில் ஊழியத்துக்கு ஈடாக தேவதாசிகள் அனுபவித்து வந்த நிலத்தை, ஊழியம் செய்யாமலேயே அவர்கள் வைத்துக்கொள்ள வழி செய்த சட்டத்தை 1929-ல் அவர் நிறைவேற்ற வைத்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தின் பொருளாதாரக் கட்டு அங்கே அறுந்தது. வழக்கத்தை முழுதாகத் தடை செய்த சட்டம் 1947-ல் வந்தது. அந்த ஓமந்தூரார் அமைச்சரவையிலும் சுப்பராயன் இருந்தார்.

இவை எல்லாம் எப்படி முடிந்தது? ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு இயக்கமோ கட்சியோ இருந்தது. வகுப்புவாரி ஆணைக்குப் பின்னால் நீதிக்கட்சியும் பெரியாரின் சுயமரியாதை இயக்கமும். தேவதாசி சட்டத்துக்குப் பின்னால் பெண்கள் அமைப்புகள். சுப்பராயன் அந்தக் கதவுகளை மூடாமல் இருந்தார். அது சாதாரண காரியம் இல்லை. ஆனால் கதவைத் தள்ளிய கை வெளியிலிருந்து வந்தது.

அமெரிக்காவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

இப்போது முதலில் சொன்ன அமெரிக்க சுயேச்சை கவர்னர்களுக்கு வருவோம். லாங்லியும் கட்சி இல்லாதவர்தான். அவர் பல மசோதாக்களை ரத்து அதிகாரத்தால் நிறுத்தினார், சட்டமன்றம் பதிலுக்கு அவற்றில் பலவற்றை அவரை மீறி நிறைவேற்றியது. நாலு வருடமும் சண்டைதான். ஆனால் அந்தச் சண்டையால் அவர் நாற்காலி ஆடவில்லை. காரணம், அவரை உட்கார வைத்தது சட்டமன்றம் அல்ல, மக்கள். பதவிக்காலம் முடியும்வரை அவரை இறக்குவது எளிதல்ல.

நம் முறை வேறு. இங்கே முதல்வரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டமன்றத்தில் பெரும்பான்மை யாருக்கு இருக்கிறதோ அவரே முதல்வர். ஒவ்வொரு நாளும் அந்தப் பெரும்பான்மை இருந்தாக வேண்டும். அங்கே சுயேச்சை கவர்னர் என்றால் தனி ஆள். இங்கே சுயேச்சை முதல்வர் என்றால் மற்றவர்களின் தோளில் உட்கார்ந்திருப்பவர். தோள் கொடுத்தவர் நகர்ந்தால் விழ வேண்டியதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இதையே பார்த்தோம். ஒரிசாவில் 1971-ல் கட்சிகளின் கூட்டணி ஒன்றுக்கு விசுவநாத தாஸ் சுயேச்சையாகத் தலைமை தாங்கி முதல்வரானார், 1972-ல் ஆட்சி போனது. மேகாலயாவில் எஃப்.ஏ. கோங்லாம் 2001 டிசம்பரில் சுயேச்சை முதல்வரானார், 2003 மார்ச் வரை இருந்தார்.

ஜார்க்கண்டின் மது கோடா கதை எல்லாருக்கும் தெரிந்தது. ஹோ பழங்குடியைச் சேர்ந்த அவர், 2005-ல் பா.ஜ.க. சீட்டு தராததால் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 2006 செப்டம்பரில் காங்கிரஸ், ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா போன்ற கட்சிகளின் ஆதரவில் முதல்வரானார். 2008 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா ஆதரவை விலக்கியதும் இறங்கினார். 2009-ல் சுயேச்சையாகவே எம்.பி. ஆனார், அதே வருடம் கைதானார். நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் 2017 டிசம்பரில் டில்லி சிறப்பு நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார்.

சுப்பராயனையும் மது கோடாவையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கம் அல்ல. இருவரின் காலமும் வேறு, குணமும் வேறு. ஆனால் இருவரும் ஏறிய ஏணி ஒன்றுதான். பெரிய கட்சிகளுக்குள் உடன்பாடு வராதபோது "யாருக்கும் சொந்தமில்லாத ஆள்" தேவைப்படுகிறார். யாருக்கும் சொந்தமில்லாதவர் என்பதே அவருடைய தகுதி. அதுவே அவருடைய பலவீனமும்.

சுப்பராயனின் இரண்டாம் பாதி

1930 தேர்தலில் காங்கிரஸ் போட்டியிடவில்லை. உப்புச் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்த வருடம் அது. நீதிக்கட்சி ஜெயித்தது. அக்டோபர் 27-ல் பி. முனுசாமி நாயுடு முதல் மந்திரியானார். 1928-ல் தோள் கொடுத்தவர்களே இப்போது நாற்காலியை எடுத்துக்கொண்டார்கள். சுப்பராயனின் சுயேச்சை ஆட்சி அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுதான் கவனிக்க வேண்டியது. 1930-களில் அவர் காங்கிரஸில் சேர்ந்தார். ஒரு மாகாணத்தின் முதல்வராக இருந்தவர், 1937-ல் ராஜாஜி தலைமையில் அமைந்த மந்திரிசபையில் சட்டம், கல்வித் துறை மந்திரியாகப் பணிபுரிந்தார். பதவி ஒரு படி இறக்கம். ஆனால் இந்த முறை பின்னால் ஜனங்கள் திரண்ட ஒரு கட்சி இருந்தது.

கட்சிக்கும் ஒரு விலை உண்டு. 1938 ஏப்ரலில் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழ்நாடே கொந்தளித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை போனார்கள். 1939-ல் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் உயிரிழந்தார்கள். கல்வி மந்திரி யார்? சுப்பராயன். அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பில் அவர் பங்கும் உண்டு. அந்த மந்திரிசபை 1939-ல் ராஜினாமா செய்தது, கட்டாய இந்தி ஆணை 1940 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

பதினேழு வருடங்கள் கழித்து அதே கேள்வி அவர் முன் மறுபடி வந்து நின்றது. 1955-ல் மத்திய அரசு பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைத்தது. ஆங்கிலத்தை விலக்கி இந்தியை எப்படி, எவ்வளவு வேகமாகக் கொண்டுவருவது என்று ஆராய்வது அதன் வேலை. சுப்பராயன் அதில் உறுப்பினர். அப்போது அவர் காங்கிரஸ் எம்.பி. ஆணையத்தின் பெரும்பான்மை இந்தியை முன்னெடுத்துச் செல்லும் பரிந்துரைகளைத் தந்தது. 1956-ல் அறிக்கை தயாரானபோது இரண்டு பேர் மாறுபட்ட கருத்தை எழுதி இணைத்தார்கள். ஒருவர் வங்காளத்து மொழியியல் அறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி. இன்னொருவர் நம் சுப்பராயன். அவசரப்பட்டு ஆங்கிலத்தை அகற்றினால் இந்தி பேசாத மக்கள் பின்தங்கிப் போவார்கள் என்பது அவர்களுடைய கவலையின் சாரம்.

1959-ல் நேரு, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நாடாளுமன்றத்தில் உறுதி தந்தார். 1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. மாறுபட்ட குறிப்பு எழுதியதற்காக சுப்பராயனை யாரும் ஒதுக்கிவிடவில்லை. 1959 முதல் 1962 வரை அதே நேருவின் அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அமைச்சராக இருந்தார். அதற்கு முன்பு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதர், நடுவில் சில ஆண்டுகள் இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவர் என்று பல பொறுப்புகள். கடைசியாக 1962 ஏப்ரலில் மகாராஷ்டிர ஆளுநர் ஆனார். அந்தப் பதவியில் இருக்கும்போதே அக்டோபர் 6-ல் காலமானார். ஒரு கவர்னர் கூப்பிட்டு முதல்வரானவர், கவர்னராகவே கண்மூடினார்.

எது சுயேச்சை?

இந்த வாழ்க்கையை முழுதாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது. "சுயேச்சை" என்று பெயர் இருந்த நான்கு வருடங்களில் சுப்பராயன் ஒவ்வொரு ஓட்டெடுப்புக்கும் யாரையாவது சார்ந்திருந்தார். முதலில் கவர்னரை, பிறகு கவர்னரோடு நீதிக்கட்சியையும். காங்கிரஸ்காரர் என்ற முத்திரை குத்தப்பட்ட பிறகு, 1956-ல், பெரும்பான்மைக்கு எதிராகத் தன் பெயரைப் போட்டு ஒரு மாறுபட்ட குறிப்பை எழுதினார். இரண்டில் எது சுயேச்சை?

சட்டமும் இந்த இடத்தில் யோசிக்க வைக்கிறது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, சுயேச்சையாக ஜெயித்த ஒருவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். கட்சிக்காரர் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் பதவி போகலாம். அதாவது சுயேச்சைக்குக் கட்சி கூடாது, கட்சிக்காரருக்குச் சுயேச்சை கூடாது! விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம்தான், அதன் தேவையை மறுக்க முடியாது. ஆனால் கட்சிக்குள் இருந்துகொண்டே சபையில் மாற்றி ஓட்டுப் போட முடியாத நிலைமையையும் அது உண்டாக்கிவிட்டது.

தேர்தல் வந்தால் ஊட்டியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் ஓட்டு இயந்திரத்தில் சுயேச்சைகளின் பெயர்கள் வரிசையாக வரும். பெரும்பாலும் நாம் கீழே பார்க்காமலே கட்சிச் சின்னத்தை அமுக்கிவிட்டு வருகிறோம். கட்சிகள் மீது கோபம் வரும்போது மட்டும் "ஒரு நல்ல சுயேச்சை வரக்கூடாதா" என்கிறோம். வரலாம், வந்தால் நல்லதும் செய்யலாம். ஆனால் நம் நாட்டு முறையில் தனி ஒருவர் ஆள முடியாது. அவர் யார் தோளில் உட்காரப் போகிறார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கலாம். நாம் ஓட்டுப் போடும் கட்சிக்குள், 1956-ல் சுப்பராயன் செய்தது போல "இதில் எனக்கு உடன்பாடு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடும் ஆள் ஒருவராவது இருக்கிறாரா? இருந்தால் அவரை அந்தக் கட்சி வைத்துக்கொள்கிறதா, துரத்துகிறதா? கட்சிகளை எடைபோட இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை.